ரெண்டே நிமிஷம்

5-9-2025

பானு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். முதலில் இதைப் படி. கதவைச் சாத்திக்கொண்டு மற்றதைப் படி. சத்தம் போட்டு அழுதுவிடாதே, வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் இருப்பார்கள்.

எங்கே இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். மினிபஸ் மாரிசாமி இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவான். அவனைக் குடையாதே, அவனுக்கும் இடம் தெரியாது. இங்கே எனக்குச் சோறு கொண்டுவருகிற மொக்கைச்சாமி பஸ் ஸ்டாப்பில் போய் அவனிடம் கொடுத்து, வந்ததை வாங்கி வருவார். கம்பெனி ஆள்தான். ஆனால் எழுத்துக் கூட்டக்கூட வராது. அதனால் பயப்படாமல் எழுது.

புதன்கிழமை மத்தியானம் பேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற ரூமில் தீப்பிடித்தது. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் பத்துப் பேரை உட்கார வைக்காதீர்கள் என்று மேனேஜரிடம் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல நிக்கி. போர்மேன்னா போர்மேன் வேலையப் பாருலே" என்றார். உள்ளே வேலை பார்த்த ரோஜாவை எப்படியோ இழுத்து வெளியே போட்டேன். நம்மூர் மாடத்தி அக்காவை எடுக்கத் திரும்பினேன் பானு. அதற்குள் சுவர் விழுந்துவிட்டது. அவள் சத்தம் கேட்டது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மேனேஜர்தான் பின்பக்க வேலி வழியாக என்னைக் காரில் ஏற்றினார். "இப்ப நீ கண்ணுல பட்டா சனம் அடிச்சே கொன்னுரும். கொஞ்ச நாள் தள்ளி இரு. மொதலாளிக்கு ஜாமீன் ஆகட்டும், ஒன்னைய வெளிய எடுக்கது எங்க பொறுப்பு" என்றார். இடது கையில் தீக்காயம். பெரிதாக ஒன்றுமில்லை. தர்ஷிகாவிடம் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்.

செல்வக்குமார்


திருத்தங்கல்
7-9-2025

மச்சானுக்கு,

நன்றாக இருப்பீர்களா நீங்கள்? உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்ப இத்தனை நேரமா? தெருவில் பந்தல் போட ஆள் சொல்லிவிட்டார்கள். உங்கள் அக்கா வந்து மாரில் அடித்துக்கொண்டு மயங்கி விழுந்தாள். மாரிசாமி கடிதத்தை என் கையில் திணித்தபோது அவனை அறையத்தான் தோன்றியது.

சத்தம் கேட்டதும் உங்களுக்குத்தான் போன் அடித்தேன். ரிங் போனது. எடுத்தது வாட்ச்மேன் முனியசாமி. "தாயி, இது பெட்டியில கெடக்கு தாயி" என்றார். காலையில் வேலைக்குப் போகும்போது எல்லோரும் போனைக் கேட் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதும், வெடித்தால் தப்பி வந்தவர்கள் அவரவர் போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவதும் எனக்குத் தெரியாதா? எடுக்க ஆள் வராத போனுக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நான் கேட்டுக்குப் போனபோது பெட்டியில் நாலைந்து போன் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. உங்களுடையதும் அதில் ஒன்று.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. உங்களிடம் கம்பெனி கொடுத்த இன்னொரு சிம் இருந்ததே, அதை ஒருவேளை இடுப்பில் வைத்திருந்தால்? ஸ்டேஷனுக்கு ஓடினேன். "அய்யா, இந்த நம்பர் எங்கன காட்டுதுன்னு டவர வெச்சுப் பாருங்கய்யா. எங்கயாச்சும் கருகிப்போய் உசுரோட கெடப்பாரு" என்று காலில் விழாத குறை. எழுதிக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதுக்கெல்லாம் பெரிய அதிகாரி கையெழுத்துப் போடணும்மா. சும்மா கேட்டவுக எல்லாத்துக்கும் குடுக்க முடியாது" என்றார். சாயந்தரம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ரோஜா கண் முழித்து, "அண்ணந்தான் என்னைய இழுத்துப் போட்டுச்சு, பெறகு மேனேஜர் கூட ஓடிட்டு" என்று சொன்னாளாம். அவ்வளவுதான். அதே ஆட்கள் ஜீப்பில் வீட்டுக்கு வந்தார்கள். என் நம்பர், எங்க அம்மா நம்பர், உங்க அக்கா நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பெனி சிம் வெடித்த அன்றைக்கே கேட்டுக்குள்ளேயே அணைந்துவிட்டதாம், அதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். தொலைந்துபோன புருஷனைத் தேடக் கையெழுத்து வரவில்லை மச்சான். ஓடிப்போன போர்மேனைத் தேட வந்துவிட்டது. என்ன நியாயமோ.

அதனால் யார் போனிலிருந்தும் எனக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். கை எப்படி இருக்கிறது? டாக்டர் பார்த்தாரா? உண்மையை எழுதுங்கள்.

பானுப்பிரியா


9-9-2025

பானு,

டாக்டர் நாளைக்கு வருவார் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். நேற்றும் அப்படித்தான் சொன்னார். மொக்கைச்சாமி ஏதோ களிம்பு வாங்கி வந்து தடவுகிறார். கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீ ஒன்றை ஒன்பதாக நினைத்துக்கொண்டு கிடக்காதே.

மாடத்தி அக்காவை எடுத்தாயிற்றா? அவள் பிள்ளைகள் நம் வீட்டுக்கு வந்து சண்டை போட்டார்களா? போட்டால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதே. அவர்கள் என்ன சொன்னாலும் தகும்.

நானாகப் போய் ஸ்டேஷனில் நிற்கலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் கேஸ் என்றால் முதலில் போர்மேனைத்தான் பிடிப்பார்கள். அடித்து எதில் கையெழுத்து வாங்குவார்களோ, யாருக்குத் தெரியும்? மொதலாளி வெளியே இருந்தால்தான் நமக்கு வக்கீல் வைப்பார். இத்தனை வருஷம் சோறு போட்டவர் கைவிட மாட்டார்.

பிள்ளை என்னைக் கேட்கிறாளா?

செல்வக்குமார்


திருத்தங்கல்
10-9-2025

மச்சானுக்கு,

கேட்கிறாள். அதை அப்புறம் எழுதுகிறேன்.

நேற்று மேனேஜர் வீட்டுக்கு வந்தார். ஒரு மூட்டை அரிசி, பிள்ளைக்கு பிஸ்கட். "செல்வம் எங்க இருந்தாலும் அங்கனயே இருக்கட்டும்மா. நீ யார்ட்டயும் வாயத் தெறக்காத" என்றார். "அவருக்குக் கை சரியில்லையாமே, டாக்டர அனுப்புனீகளா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். அரிசி மூட்டையைத் தெருவில் தள்ளினேன். நான்கு பேர் பார்க்கட்டும் என்றுதான் தள்ளினேன்.

இன்றைக்குப் பேப்பரில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் டீச்சர் வாசித்துக் காட்டினார்கள். வெடித்த ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய போர்மேன் தலைமறைவு என்று போட்டிருக்கிறது. குத்தகையாம்! ஒரு சைக்கிள் வாங்கத் தவணை கட்டுகிற நாம் ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்தோமாம். இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்குப் புரியவில்லையா?

மச்சான், கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் உயிரோடு வந்தால் வாயைத் திறப்பீர்கள். அங்கேயே கிடந்து செத்தால் எல்லாப் பழியும் உங்கள் தலையில். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? அதனால்தான் டாக்டர் நாளைக்கு நாளைக்கு என்கிறார்கள். நீங்கள் சாவது அவர்களுக்கு லாபம்.

இதோடு வருகிற சேவுப் பொட்டலத்தை மொக்கைச்சாமி முன்னால் பிரிக்காதீர்கள். அடியில் டீச்சர் வீட்டுப் பழைய பட்டன் போன் இருக்கிறது. சிம்மும் அவர்களுடையது. போலீஸுக்குத் தெரியாத நம்பர். அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், 108-க்கு ஒரு போன் போடுங்கள். ஜெயிலுக்குப் போனால் போகிறது. ஜெயிலில் இருக்கிற ஆளை நான் பஸ் ஏறி வந்து பார்ப்பேன்.

பானு


12-9-2025

பானு,

டாக்டர் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது. மொக்கைச்சாமிகூட இன்றைக்குச் சோற்றை வாசலிலேயே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். எனக்கே என் கையின் வாடை தாங்கவில்லை. இரண்டு விரல் கறுத்துவிட்டது. நேற்று முழுக்கக் குளிரில் உதறியது. வாசல் வரை நடக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

108-க்கு அடிக்க மாட்டேன். அதில் சொன்னால் போலீஸுக்கும் போகும். கையில் விலங்கோடு திருத்தங்கல் வழியாக என்னைக் கொண்டுபோவார்கள். மாடத்தி அக்கா வீட்டு வாசல் வழியாக. அந்த வாசலை என்னால் தாண்ட முடியாது. அவள் கூப்பிட்டது காதை விட்டுப் போகவில்லை. எனக்கு இது சரிதான் என்று தோன்றுகிறது பானு. நீ கோபப்படாதே.

ஒரே ஒரு ஆசை. பிள்ளை குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தப் போனை ஆன் பண்ணுவேன். நீ டீச்சர் போனிலிருந்து அடி. ரெண்டே நிமிஷம். மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசினால்தான் டவரில் மாட்டும் என்று கம்பெனியில் பையன்கள் சொல்வார்கள். அதற்குள் வைத்துவிடுவேன்.

இதை மட்டும் செய். வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

செல்வம்


திருத்தங்கல்
13-9-2025

மச்சானுக்கு,

சரி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அடிக்கிறேன். பிள்ளை பேசுவாள்.

எழுத நிறைய இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டு, இது மூன்றாவது தாள். கையே ஓடவில்லை. மாரிசாமி ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறான்.

போனை ஆன் பண்ண மறந்துவிடாதீர்கள். எவ்வளவு காய்ச்சல் அடித்தாலும் மறக்காதீர்கள். பிள்ளை ஏமாந்துபோவாள்.

பானு


மதுரை
22-9-2025

பானுப்பிரியாவுக்கு,

ஆஸ்பத்திரியில் எனக்குக் காவலுக்கு இருக்கிற ஏட்டையாவிடம் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். பதினைந்தாம் தேதி கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ இரண்டு தடவை வந்து வெளியே நின்றாயாம். நான்தான் விடவேண்டாம் என்று சொன்னேன். இனிமேலும் வராதே.

போலீஸுக்கு நீ சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பயந்துபோய்ச் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பிள்ளையை வைத்துப் பிடித்துக் கொடுத்தாயே, அதை எப்படிப் பொறுக்கட்டும்?

"அப்பா, காலாண்டுப் பரீட்சை வருதுப்பா" என்றாள். "சரிடா, அப்பா வைக்கட்டுமா" என்றேன். "இல்லப்பா, ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லுதேன், கேளுங்க" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது. "மெதுவாச் சொல்லுத்தா, அப்பாவுக்குக் கேக்கணும்ல." மெதுவாகச் சொல்லு! வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது உனக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். முடித்துவிட்டுத் திரும்பச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லு என்றேன். ஜீப் சத்தம் கேட்டபோதும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

தூண்டிலில் புழுவை மாட்டுகிற மாதிரி என் பிள்ளையை மாட்டிவிட்டாய். நல்லா இரு.

செல்வக்குமார்


திருத்தங்கல்
25-9-2025

மச்சானுக்கு,

திட்டுங்கள். இன்னும் திட்டுங்கள். திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறதே, அதுவே எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி உங்கள் கடிதம் வந்ததும் மாரிசாமி சட்டையைப் பிடித்தேன். "ஆலங்குளம் தாண்டி ஒரு ஸ்டாப்புல மொக்கைச்சாமி வருவாக. அதுக்கு மேல சத்தியமாத் தெரியாதுக்கா" என்று அழுதான். மொக்கைச்சாமியைப் பிடித்தால் அன்றைக்கே உங்களை வேறு இடத்துக்குத் தூக்கிவிடுவார்கள். அங்கெல்லாம் சுண்ணாம்புக்கல் தோண்டிப் போட்ட பள்ளமும் கருவேலங்காடும். எங்கே போய்த் தேடுவேன்?

விருதுநகருக்குப் போனேன். அங்கே எவாஞ்சலின் என்று ஒரு எஸ்.ஐ. அம்மா. உங்கள் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "நம்பரக் குடும்மா, அக்யூஸ்டுன்னா ஒடனே பாத்துரலாம்" என்றார்கள். தாளைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். "அப்படின்னா நம்பர் கெடையாது மேடம். அக்யூஸ்டப் பிடிக்க நீங்க நாளைக்குக்கூடப் போவீக. சாகக் கெடக்க ஆளுன்னு எழுதுங்க. உசுருக்கு ஆபத்துன்னு எழுதுங்க. 108 முன்னால போகணும், ஜீப்பு பின்னாலதான் வரணும்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. அந்த அம்மா வேறு தாள் எடுத்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதினார்கள். பெரிய அதிகாரியிடம் அவர்களே போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்கள்.

ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் என்பதெல்லாம் சும்மா பேச்சாம். ஆன் பண்ணினாலே டவர் தெரிந்துவிடுமாம். ஆனால் அது காட்டுவது ஒரு முழுக் காட்டையாம். "லைன்ல இருந்தாருன்னா நாங்க கிட்ட வந்துருவோம். வெச்சுட்டாருன்னா அந்தக் காட்டுல தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்கள். அதற்காகத்தான் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். என் குரலுக்கு நீங்கள் வைத்துவிடுவீர்கள். அவள் குரலுக்கு வைக்க மாட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். முன்னால் வந்தது ஆம்புலன்ஸ்தான் மச்சான். காய்ச்சலில் உங்களுக்கு ஜீப் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையோடு போயிருக்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அதை விடுங்கள். நான் இதை எழுதுவது வேறு ஒன்றுக்காக.

பிள்ளை போனைத் தொட மாட்டேன் என்கிறாள். ரிங் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். உங்கள் அக்கா வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலும் எவனோ சொல்லியிருக்கிறான். கணக்குப் பரீட்சையில் ஒன்றுமே எழுதாமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். நேற்று சோறு ஊட்டும்போது கேட்டாள். "நான் வாய்ப்பாட்ட வெரசாச் சொல்லி முடிச்சிருந்தா அப்பா தப்பிச்சிருப்பாகளாம்மா?"

இல்லைத்தா என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். நான்தானே பின்னாலிருந்து மெதுவாகச் சொல் என்றவள். என்னோடு நீங்கள் ஜென்மத்துக்கும் பேசவேண்டாம். என்னைத் தள்ளி வையுங்கள். ஆனால் அவளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வாயால் சொன்னால்தான் அவள் எழுந்திருப்பாள்.

பானு


மதுரை
29-9-2025

பானு,

மாஜிஸ்திரேட் வந்தார். மேனேஜர் சொன்னது, காரில் ஏற்றியது, பத்துப் பேரை உட்கார வைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாடத்தி அக்கா கூப்பிட்டதையும் சொன்னேன். எனக்கும் தண்டனை உண்டு என்றார்கள். இருக்கட்டும்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போகும்போது போகட்டும். அடியில் இருப்பது பிள்ளைக்கு. நீ வாசிக்காதே. அவளையே எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்.

தர்ஷிகாக் குட்டிக்கு அப்பா எழுதுவது.

அன்னைக்கு அப்பாவுக்கு ரொம்பக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. காட்டுக்குள்ள அப்பா எங்கன கெடக்கேன்னு ஆம்புலன்ஸுக்காரங்களுக்குத் தெரியல. நீ பேசிக்கிட்டே இருந்ததாலதான் அவுக வழி கண்டுபிடிச்சு வந்தாக. நீ வெரசா முடிச்சிருந்தா அப்பா போன வெச்சிருப்பேன். வெச்சிருந்தா அப்பா செத்துப்போயிருப்பேன். நீ மெதுவாச் சொன்னதுனாலதான் அப்பா இருக்கேன். ஒன்னைய யாராச்சும் வேற மாதிரிச் சொன்னா இந்தத் தாளக் காட்டு.

அப்பாவுக்கு இப்ப ஒரு கைதான் இருக்கு. பார்த்துப் பயப்படக் கூடாது. ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரையும் உள்ள விடச் சொல்லியிருக்கேன்.